லாம்ப்ஸில் ரியாக்ஸ்எஃப்எஃப்: ஓடும்வரை அற்புதம்

இரும்புப் பரப்பில் தண்ணீர் வினைபுரிவதை சிமுலேஷன் செய்ய, அணுக்களின் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ் மென்பொருள் சரிப்படுமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். அதற்கான பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். லாம்ப்ஸில் இதற்குப் பயன்படுவது, அணுக்களுக்கு இடையிலான விசையைக் கணக்கிடும் ரியாக்ஸ்எஃப்எஃப் என்ற முறை; அது 2001-இல் வந்தது, பிணைப்பு உடைவதையும் சேர்வதையும் அதுவே கணக்கிடும் என்ற அடிப்படையெல்லாம் தெரிந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

டிஎஃப்டி என்ற குவாண்டம் கணக்கீட்டு முறையில் சில நூறு அணுக்களுக்கே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரியாக்ஸ்எஃப்எஃப்பில் லட்சம் அணுக்களை நானோ வினாடிக் கணக்கில் ஓட்டலாம். நீர் மூலக்கூறு ஆக்சிஜன் பக்கமாக வந்து இரும்பில் ஒட்டும். ஓ-எச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பிணைப்பின் பாண்ட் ஆர்டர், அதாவது பிணைப்பின் வலுவைக் காட்டும் எண், மெல்ல இறங்கும். பிறகு ஹைட்ரஜன் கழன்று பக்கத்து இரும்பணுக்களுக்கு இடையே போய் உட்காரும். "இங்கே உடை" என்று நாம் எங்கும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: 'பாண்ட்செக் ஃபெயில்ட்' என்ற பிழைச் செய்தி. 0.25 ஃபெம்டோ வினாடிப் படியில் ஒரு நானோ வினாடி என்றால் 40 லட்சம் படிகள். அதில் எந்தப் படியில் வேண்டுமானாலும் இந்த ஒரு வரியோடு ஜாப் செத்துவிடும். பெரும்பாலும் வேதியியலில் பிழை இருக்காது. பிணைப்புப் பட்டியலுக்கு ஒதுக்கிய நினைவகம் போதவில்லை, அவ்வளவுதான். கீழே உலோகத் தகடு, மேலே நீர், அதற்கும் மேலே வெற்றிடம் என்று அமைத்தால் இந்தத் தொல்லை கூடுகிறது. சிமுலேஷன் பெட்டியைப் பல பிராசசர்கள் பங்கிட்டுக்கொள்ளும். வெற்றிடத்தைப் பங்காகப் பெற்ற பிராசசருக்குத் தொடக்கத்தில் அணுக்களே இருக்காது, அதனால் நினைவகமும் குறைவாகவே ஒதுக்கப்படும். வினையை விரைவுபடுத்த வெப்பநிலையை ஏற்றியதும் நீராவி அங்கே போய் நிரம்பும். எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்பதைத் தீர்மானிக்கும் மின்கேப் 50, சேஃப்ஸோன் 1.2 என்ற இயல்பு மதிப்புகள் அதற்குப் போதாது. கூட்டினால் நினைவகம் வீங்கும். செங்குத்துத் திசையில் பெட்டியைப் பிரிக்காமல் விட்டால் ஓரளவு தாங்கும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கையேடு இதை மறைக்கவில்லை. ஜிபியுவுக்கும் சிபியுவுக்கும் பொதுவாக எழுதப்பட்ட கோக்கோஸ் பதிப்பு இடம் போதாதபோது தானே கூட்டிக்கொள்கிறது, ஜிபியு இல்லாமலும் ஓடுகிறது. வழி தெரிந்திருந்தும் சாதாரணப் பதிப்பை ஏன் இப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

மற்றவை சில்லறை. எந்தெந்த மூலக்கூறு எத்தனை என்று எண்ணும் ஸ்பீசீஸ் கணக்கு, தகட்டையும் அதில் ஒட்டிய நீரையும் சேர்த்து ஒரே ராட்சத மூலக்கூறாகக் காட்டும். எந்தப் பாண்ட் ஆர்டருக்கு மேல் பிணைப்பாக எண்ணுவது என்ற கட்ஆஃபை ஒவ்வொரு அணு இணைக்கும் தனியாகக் கொடுத்தால் சரியாகும். ஆனால் ரியாக்ஸ்எஃப்எஃப்புக்கான விசை மதிப்புகள் அடங்கிய பாராமீட்டர் கோப்பில் மட்டும் கவனம் தேவை. எரிதலுக்காகச் சீரமைத்த ஓ-எச் மதிப்புகளைத் திரவ நீருக்குப் போட்டாலும் லாம்ப்ஸ் எச்சரிக்காமல் ஓட்டும். இந்த மதிப்புத் தொகுப்புகளில் நீருக்கென்று உருவான கிளையிலிருந்தே கோப்பை எடுக்க வேண்டும்.

இவ்வளவு பாராட்டிவிட்டும் தோழிக்கு நான் சொல்லும் பதில் 'வேண்டாம்'. கோக்கோஸோடு கம்பைல் செய்த லாம்ப்ஸ் உன் கிளஸ்டரில் இல்லையென்றால் தொடாதே. நேற்றிரவு போட்ட ஜாபும் அதே வரியோடு நின்றிருக்கிறது. இன்று வேறு பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.