முன்னால் 30 மைக்ரானா, பின்னால் 2 மைக்ரானா: பிக்கப்புக்கு இன்னொரு டீசல் ஃபில்டர்

பிக்கப்புக்குக் கூடுதலாக ஒரு டீசல் ஃபில்டர் போட நினைப்பவர்கள் கடையில் முதலில் கேட்பது "எத்தனை மைக்ரான்ங்க?" என்றுதான் (ஃபில்டரின் ஓட்டை அளவைச் சொல்லும் கணக்கு, ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது, அதை எங்கே வைப்பது என்பது. டேங்குக்கும், வண்டியோடு வரும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவில் வைத்தால் அது ப்ரீ ஃபில்டர். கம்பெனி ஃபில்டரைத் தாண்டி, ஹை பிரஷர் பம்புக்கு முன்னால் வைத்தால் அது பின் ஃபில்டர். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி டப்பாதான். ஆனால் முன்னது தண்ணீரைப் பிடிக்க, பின்னது பொடித் தூசியைப் பிடிக்க.

"ஏனுங்ண்ணா, கம்பெனி ஃபில்டரே போதாதுங்களா?"

"பெட்ரோல் பங்குல நேரா அடிக்கறவங்களுக்குப் போதுமுங்க தம்பி. நீங்க பேரல்ல இருந்தல்ல ஊத்தறீங்க!"

பட்டறையில் நடக்கிற இந்தப் பேச்சில் விஷயம் பாதி அடங்கிவிடுகிறது. திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகளுக்குப் பின்னால் ஓடும் பிக்கப், பொள்ளாச்சித் தோப்புகளில் டிராக்டருக்கும் தனக்கும் ஒரே பேரலில் டீசல் பிடிக்கும் பிக்கப், இவற்றுக்கெல்லாம் பங்கு டீசலின் கணக்கு பொருந்தாது. பங்கில் கிடைக்கும் பிஎஸ்-6 டீசலில் தண்ணீர் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, தூசி 24 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது டீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1460. 60 லிட்டர் டேங்க் ஏறக்குறைய 50 கிலோ டீசல் பிடிக்கும். அதில் உச்சவரம்பே 10 கிராம் தண்ணீர், ஒரு கிராமுக்குச் சற்று மேல் தூசி. இதைச் சமாளிக்கத்தான் கம்பெனி ஃபில்டரைச் செய்திருக்கிறார்கள்.

பேரல் சங்கதி வேறு. நிறுத்தி வைத்த இரும்புப் பேரலின் மேல்மூடியைச் சுற்றி விளிம்பு இருக்கும். ஐப்பசி மழையில் அதற்குள் தண்ணீர் குளம் கட்டும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகிறது, ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கி உள்ளிழுக்கிறது. மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது என்று நாம் நினைத்திருக்க, மரை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். டீசலைவிடத் தண்ணீர் கனம், அடியில் போய் உட்காரும். ட்யூபை அடிவரை விட்டு உறிஞ்சினால் முதலில் வருவது அதுதான். பேரலைச் சாய்த்துக் கிடத்தி, மூடிகள் இரண்டும் டீசல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி வைத்தாலோ, மேலே தகரம் போட்டு மூடினாலோ, ட்யூபை அடியிலிருந்து நாலு விரல் தூக்கி வைத்தாலோ, பாதித் தொல்லை அங்கேயே போய்விடும். செலவும் இல்லை.

ஆகவே இங்குள்ள பிக்கப்புகளுக்கு என் ஓட்டு ப்ரீ ஃபில்டருக்கு. அதிலும் 30 மைக்ரான். "இவ்வளவு பெரிய ஓட்டையா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். பம்பை இன்ஜின் பக்கம் வைத்திருக்கும் வண்டிகளில் டேங்கிலிருந்து வரும் லைன் உறிஞ்சும் லைன். அங்கே 2 மைக்ரான் எலிமென்டை (ஃபில்டருக்குள் இருக்கும் வடிகட்டும் பாகம்) கொண்டுபோய் வைத்தால் பம்ப் மூச்சுத் திணறும். உறிஞ்சும் விசை கூடக் கூட, தளர்ந்த கிளிப் வழியாகக் காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகாது, அதனால் ஓட்டை எங்கே என்று தெரியாது. காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும், மேட்டில் இழுவை இருக்காது. உடனே பழி, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் மேல் விழும்.

தண்ணீரைப் பிரிக்கவும் அந்த இடம்தான் தோது. பம்புக்குள் போய் அடிபட்டபின் தண்ணீர் பொடிப்பொடித் துளியாகி டீசலோடு கலந்துவிடும், பிரிப்பது சிரமம். டேங்கை விட்டு வந்த கையோடு என்றால் துளி பெரிசாக இருக்கும், தானே கீழே இறங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வண்டிக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கீழே சூட்டில் டீசலோடு கரைந்திருந்த தண்ணீர், 2,200 மீட்டர் உயரத்துக் குளிரில் ராத்திரி நிறுத்தும்போது பிரிந்து அடியில் தங்கும்.

ப்ரீ ஃபில்டரிலும் இரண்டு ஜாதி. ரேகார் 500 போன்ற, உள்ளே இருப்பது தெரியும் கிண்ண மாடல் ஒன்று. எலிமென்ட் மேலிருந்து மாற்றலாம், நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்: சிவப்பு 30 மைக்ரான், நீலம் 10, பழுப்பு 2. மணிக்கு 227 லிட்டர் வரை ஓட்டம் தாங்கும். பிக்கப் அவ்வளவு குடிக்குமா என்று கேட்பார்கள். குடிக்காது. ஆனால் பம்ப் இழுப்பது இன்ஜின் எரிப்பதைவிடப் பல மடங்கு, மிச்சமெல்லாம் ரிட்டர்ன் லைனில் டேங்குக்கே திரும்புகிறது. மைலேஜை வைத்து ஃபில்டர் சைஸ் பார்ப்பது தப்பு, பம்பின் ஓட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, லாரிகளில் கம்பெனியே வைத்து அனுப்பும் திருகு மாடல், அடியில் பிளாஸ்டிக் கிண்ணத்தோடு. அழகில் ரேகார் பக்கம் நிற்காது. ஆனால் சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரி ஸ்பேர் கடையில் ஞாயிற்றுக்கிழமையும் எலிமென்ட் கிடைக்கும். தலையிலேயே கைப்பம்ப் உள்ளதை வாங்கினால் லைனில் சிக்கிய ஏரை எடுப்பதும் சுலபம். கல் தெறிக்கும் தோட்டத்துப் பாதையில் ஓடும் வண்டிக்கு, சேஸிஸின் உள்பக்கம் இதைப் பொருத்துவதையே நான் சொல்வேன். டூப்ளிகேட் எலிமென்ட் நடமாட்டம் உண்டு, தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள்.

ப்ரீ ஃபில்டருக்கு ஒரு குறை உண்டு, விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். தண்ணீரையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டால் கம்பெனி ஃபில்டரில் உள்ள சென்சாருக்கு வேலை இல்லை, டேஷ்போர்டில் லைட் எரியாது. கிண்ணம் நிரம்பி வழியும்வரை யாருக்கும் தெரியாது. சொந்தமாக ஓட்டுகிறவர் வாரம் ஒருமுறை குனிந்து பார்ப்பார். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் சென்சாரும் தனி லைட்டும் உள்ள மாடலுக்குக் கூடக் காசு கொடுப்பது நல்லது. வடிக்கும்போது இன்ஜினை நிறுத்தி, மேல் திருகைத் தளர்த்தினால்தான் அடியில் இறங்கும். வடித்ததை வெள்ளைப் பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் ஆட்டாமல் வையுங்கள். மேலே மஞ்சளாக டீசல், நடுவில் ஒரு கோடு, அடியில் தண்ணீர், சில சமயம் செந்நிறத் துருப்பொடியோடு. துரு வந்தால் அது பேரலுடையதா டேங்குடையதா என்று பார்த்துவிடுங்கள்.

பின் ஃபில்டருக்கு வருவோம். இன்ஜெக்டர்களுக்கெல்லாம் பொதுவாக டீசல் நிற்கும் குழாயான காமன் ரெயிலில் பிரஷர் 1,600 பாரும் அதற்கு மேலும் போகிறது, இன்ஜெக்டருக்குள் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் கனமே சுமார் 70 மைக்ரான். அதனால் 2 மைக்ரான் என்று கேட்டதும் ஆசை வருவது நியாயம். டப்பாவில் போட்டிருக்கும் மைக்ரான் அளவை மட்டும் நம்பக்கூடாது. பீட்டா எண் என்ன என்று கேளுங்கள். பீட்டா 2 என்றால் அந்த அளவுத் துகளில் பாதி தப்பிப் போகும். பீட்டா 75 என்றால் 75-ல் ஒன்று, பீட்டா 1000 என்றால் ஆயிரத்தில் ஒன்று. பீட்டா 2 உள்ள "2 மைக்ரானை"விட பீட்டா 1000 உள்ள 4 மைக்ரான் ஃபில்டரே நம்பகமானது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பின் ஃபில்டரைத் தாண்டினால் காவலுக்கு வேறு எதுவும் இல்லை. ஹோஸ் வெட்டும்போது விழுந்த ரப்பர் துணுக்கு, புது எலிமென்டில் கேனிலிருந்து ஊற்றி நிரப்பிய டீசல், எல்லாம் நேரே பம்புக்குப் போகும். ப்ரீ ஃபில்டரில் அதே தப்பு நடந்தால் கம்பெனி ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். சுத்தமான கைக்காரர் கிடைத்தால் போடுங்கள், அதுவும் ப்ரீ ஃபில்டர் போட்ட பிறகு. டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கும் வண்டி என்றால் லைன் முழுக்க அழுத்தத்தில் இருக்கும். எந்த ஃபில்டராக இருந்தாலும் அதைத் தாங்குமா என்று கேட்டே வாங்க வேண்டும்.

பைக்கில் போடும் சின்னப் பிளாஸ்டிக் ஃபில்டரை லைனில் சொருகும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம்.

பங்கில் மட்டுமே அடிக்கிறவர்கள் எதுவும் கூட்டாமல், கம்பெனி ஃபில்டரைச் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடலாம். புது ஜாயின்ட் இல்லை, புது ஒழுகல் இல்லை. வாரண்டி முடியாத வண்டிக்கும் இதுதான் தோது. லைனை வெட்டி ஃபில்டர் சேர்த்தால் நாளைக்குப் பம்ப் போனபின் கிளெய்மில் அதையே காரணம் காட்டலாம். போட்டே ஆக வேண்டும் என்றால் சர்வீஸ் சென்டரில் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் கேட்டு வாங்கிவிட்டு ஹோஸில் கை வையுங்கள்.