லேப்டாப் பேட்டரி: ஒரிஜினலா, கம்பாட்டிபிளா, செல் மாற்றலா?

35 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த லேப்டாப் பட்டென்று அணைந்துபோனால் பலரும் முதலில் விண்டோஸைத்தான் திட்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் செல்லில் இருக்கும். லித்தியம் செல் பழசாக ஆக அதன் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதற்குச் செல்லுக்குள்ளேயே இருக்கும் தடை, கூடும். சும்மா டைப் அடிக்கும்வரை ஒன்றும் தெரியாது. வீடியோ கால் ஆரம்பித்து ஃபேன் இரையத் தொடங்கியதும் வோல்டேஜ் சரசரவென்று இறங்கும். செல் ஒன்றுக்கு 3 வோல்ட் பக்கம் வந்தால், பேட்டரியை மேலும் கெடுக்காமல் இருக்க உள்ளே இருக்கும் சர்க்யூட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். திரையில் எத்தனை சதவீதம் காட்டினாலும் அதற்கு அக்கறையில்லை.

என்னுடையது இந்த நிலைக்கு வந்தபோது சர்வீஸ் சென்டரில் ஒரிஜினல், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்பாட்டிபிள் (அதே மாடலுக்குப் பொருந்தும்படி வேறு கம்பெனி செய்தது), பழைய பேட்டரியைப் பிரித்து செல் மட்டும் மாற்றுவது என்று மூன்று வழி இருந்தது. ஒரிஜினல்தான் வாங்கினேன். கம்பாட்டிபிள் கிட்டத்தட்ட பாதி விலை, கையோடு கிடைத்திருக்கும். ஒரிஜினலுக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது.

செல் மாற்றலை நான் செய்து பார்த்ததில்லை, நண்பர் ஒருவரின் பழைய லேப்டாப்பில் பார்த்ததோடு சரி. உருளையான 18650 செல் போட்ட, கழற்றி மாட்டும் பேட்டரிக்கு அது ஒத்துவரலாம். இப்போதைய மெல்லிய லேப்டாப்புகளில் இருப்பது தட்டையான பவுச் செல். அதே அளவில் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. சில பேட்டரிகளில் செல்லைக் கழற்றிய உடனே சிப் லாக் ஆகிவிடும். ஸ்பாட் வெல்டிங் இல்லாமல் சால்டரிங் அயர்னை எடுக்கிற கடை என்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். அந்தச் சூடு செல்லுக்கு ஆகாது.

என்னை ஒரிஜினல் பக்கம் தள்ளியது பேக்கப் நேரம் அல்ல. மூன்று மணி நேரம் வந்தாலும் நாலு வந்தாலும் சமாளிக்கலாம். 20 சதவீதம் என்று காட்டினால் நிஜமாகவே 20 இருக்க வேண்டும், அவ்வளவுதான். பேட்டரிக்குள் சார்ஜைக் கணக்கு வைக்க ஒரு சிப் இருக்கிறது. உள்ளே போகும், வெளியே வரும் மின்சாரத்தை அளந்து, செல்லின் குணத்தோடு பொருத்திப் பார்த்துச் சதவீதம் சொல்வது அதுதான். கம்பெனி பேட்டரியில் செல்லும் சிப்பும் ஒன்றுக்கொன்று பொருத்தி வந்திருக்கும். மலிவான கம்பாட்டிபிளில் கிடைத்த செல்லைப் போட்டு அடைத்திருந்தால் கணக்கு தப்பும். தம்பி லேப்டாப்புக்கு அப்படி ஒன்று வாங்கினோம். முதல் சில மாதம் குறை சொல்ல முடியாது. அப்புறம் 20-லிருந்து நேரே கறுப்புத் திரை. காசு கொடுத்து அதே தொல்லையை மறுபடி வாங்கியதுபோல் ஆனது. நல்ல கம்பாட்டிபிளும் உண்டு என்கிறார்கள், இருக்கலாம். கடையில் பெட்டியைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை.

ஸ்டிக்கரில் பெரிதாக அடித்திருக்கும் எம்ஏஎச் எண்ணில் மயங்காதீர்கள். வோல்ட்டையும் எம்ஏஎச்சையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் வாட்-அவரைப் பாருங்கள், பேட்டரியில் அடங்கும் மொத்த சக்தி அதுதான். 11.4 வோல்ட், 3,600 எம்ஏஎச் என்றால் சுமார் 41 வாட்-அவர். மாட்டிய பிறகு விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், முழு சார்ஜ் கொள்ளளவு அதை ஒட்டி வர வேண்டும்.

ஒரிஜினலிலும் ஒரு சிக்கல் உண்டு. லித்தியம் செல் பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் வயதாகும். பழைய மாடல் என்றால் வருடக்கணக்கில் ஸ்டாக்கில் இருந்த பேட்டரி கைக்கு வரலாம். பணம் கட்டுவதற்கு முன் தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். சொல்ல மறுத்தாலோ, லேப்டாப்பையே இன்னும் ஒரு வருடத்தில் மாற்றப் போகிறீர்கள் என்றாலோ கம்பாட்டிபிளே போதும். வாரண்டியை மட்டும் வாய்ப்பேச்சில் விடாமல், பில்லில் எழுதி சீல் போட்டு வாங்குங்கள்.