முந்திக் கிளம்புவதா, காத்திருப்பதா: மாறுகிற வானத்தில் ஒரு கிளைடர் போட்டி

மட்டக்களப்பில் கல்லடி ஊர்த் தம்பி ஒருவருக்கும் எனக்கும் மூன்று மாதமாக ஒரே வழக்கு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவரவர் வீட்டுக் கணினியில் கொண்டோர் என்ற கிளைடர் சிமியூலேட்டரைத் திறந்து இருவரும் போட்டி பறக்கிறோம். ஸ்லோவேனியாவில் உருவான மென்பொருள் அது. குளிர்காலத்தில் மேலே போக முடியாத நிஜ விமானிகளும் கைப்பழக்கம் விடாமல் இருக்க அதில்தான் ஓடுகிறார்கள். வானிலையை நிலையில்லாமல் வைத்து 200 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றைப் போட்டால், ஸ்டார்ட் கோடு திறந்த உடனே நான் கிளம்பிவிடுவேன். தம்பி கிளம்ப மாட்டார். "அண்ணன், முதல்ல போறவன் காடு வெட்டுறவன். நான் வெட்டின பாதையில வாறன்" என்பார். முக்கால் மணித்தியாலமாவது முகிலுக்குக் கீழே சுற்றிக்கொண்டிருப்பார்.

நான் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் நான்கு பிராந்தியப் போட்டிகளைக் கிட்ட இருந்து பார்த்தவன். முதல் இரண்டிலும் தரைத் துணையாள். வயலில் இறங்கிவிட்டவரைத் தேடி ட்ரெயிலரை இழுத்துக்கொண்டு போவது என் வேலை. பிந்திய இரண்டிலும் நானே பறந்தேன். இந்த இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை வடிவாகப் பார்த்துவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

கிளைடர் போட்டி பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிளைடருக்கு இயந்திரம் இல்லை. இழுவை விமானம் ஒன்று கயிற்றில் கட்டி ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். அதற்குப் பிறகு வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும்பும் காற்றுத்தான் துணை. விமானிகள் அதைத் தேர்மல் என்பார்கள். அதற்குள் வட்டமடித்து ஏறி, அடுத்த தேர்மல் வரை சறுக்கி, மறுபடி ஏற வேண்டும். குறித்த திருப்புமுனைகளைச் சுற்றிவிட்டு வேகமாக வீடு திரும்புகிறவருக்குத்தான் அன்றைய நாள்.

எங்கள் வழக்கு பிறப்பது புறப்படும் முறையில். ஓட்டப்பந்தயத்தில் போல எல்லாரையும் ஒரே நேரத்தில் விடுவதில்லை. எல்லாரையும் மேலே இழுத்துவிட்டு, கடைசி ஆளுக்கும் ஏறிக்கொள்ள அவகாசம் கொடுத்து, அப்புறம்தான் ஸ்டார்ட் கோட்டை, அதாவது ஓட்டம் தொடங்கும் கற்பனைக் கோட்டை, திறப்பார்கள். திறந்த பின் எப்போது கடப்பது என்பது அவரவர் விருப்பம். நீங்கள் கடக்கும் நொடியில்தான் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒருவர் ஒன்றேகாலுக்குப் போவார், இன்னொருவர் இரண்டரைக்கும் போகலாம். இருவரின் வேகத்தையும் தனித்தனியே கணக்கிட்டு ஒரே பட்டியலில் வைப்பார்கள்.

காத்திருப்பவர் பக்கத்து நியாயத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல வெயில் நாளில் மதியம் ஏற ஏறத் தேர்மல் வலுக்கும், முகிலின் அடிமட்டமும் உயரும். ஒன்றேகாலுக்கு வினாடிக்கு ஒரு மீற்றர் ஏற்றிய காற்று, இரண்டரைக்கு இரண்டு மீற்றர் ஏற்றும். இன்னொரு இலாபம், முன்னால் போனவர்களே வழிகாட்டி. தூரத்தில் நான்கு கிளைடர்கள் ஒன்றையொன்று சுற்றுவதைக் கண்டால் அங்கே தேர்மல் உண்டு என்று தெரியும், நேரே அதற்குள் போய் நுழையலாம். முகிலே இல்லாத நீல வான நாளில் இதன் பெறுமதி பெரிது. அந்த நாளில் தேர்மலைக் காட்ட வேறு அடையாளம் இல்லை. நிலையான வானத்தில் தம்பியின் முறை என் முறையை வெல்லும் என்று எழுதித் தருவேன்.

ஆனால் நாங்கள் பேசுவது நிலையில்லாத வானத்தை. அங்கே கணக்கு மாறுகிறது.

200 கிலோமீற்றர் ஓட்டம் என்று வையுங்கள். கோடு 1.15க்குத் திறக்கிறது. நான் உடனே போகிறேன், தேர்மல் இன்னும் இளசு என்பதால் சராசரி 80 கிலோமீற்றர்தான் வருகிறது. 3.45க்கு வீடு. தம்பி 2.00க்குப் போகிறார், 90 வருகிறது, 4.13க்கு வீடு. ஐந்து மணிவரை வெயில் நின்றால் அவர் வெல்கிறார், அதில் பேச்சில்லை. நான்கு மணிக்கு மேற்கே இருந்து மெல்லிய கீற்று முகில் திரை வந்து வெயிலை மறைத்தாலும் அவர் வெல்கிறார். அந்த நேரம் அவருக்கு மிச்சம் 20 கிலோமீற்றர். ஒரு மீற்றர் உயரம் இழந்து 35 மீற்றர் முன்னால் போகும் கிளைடர் என்றால், 1200 மீற்றர் உயரத்திலிருந்து அசைவற்ற காற்றில் 42 கிலோமீற்றர் சறுக்கலாம். வந்துவிடுவார்.

அதே திரை மூன்றரைக்கு வந்தால்? எனக்கு மிச்சம் 20 கிலோமீற்றர், நான் சறுக்கி வந்துவிடுவேன். அவருக்கு மிச்சம் 65. திரை விழுந்த உடனே தேர்மல் செத்துவிடாது, நிலத்தின் சூட்டில் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருக்கும். ஆனால் 42க்கும் 65க்கும் இடையில் உள்ளதை அந்த முனகலில் எடுப்பது எல்லாருக்கும் கைகூடாது. அவர் ஏதோ ஒரு வயலில் இறங்குவார். வயலில் இறங்கியவருக்குத் தூரத்துக்கு உரிய புள்ளி மட்டும் கிடைக்கும், வேகத்துக்கு உரிய புள்ளி ஒன்றும் இல்லை. ஒரு நாளின் உச்சப் புள்ளி 1000. அவர் வென்ற நாளில் என்னைவிட எடுக்கும் இலாபத்தைவிட, தோற்ற நாளில் கொடுக்கும் நட்டம் பெரிது.

இந்த அரை மணித்தியாலத்தை யாரால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? காலையில் வானிலை விளக்கம் தருபவர் திரை பிற்பகலில் வரும் என்பார். அது மூன்றரையா நான்கா என்று அவராலும் சத்தியம் செய்ய முடியாது.

நான் காத்திருந்து இறங்கிய நாள் எனக்கு மறக்காது. போட்டியின் நான்காம் நாள், அதற்கு முந்திய இரண்டு நாட்களும் மழையில் போயிருந்தன. முகிலெல்லாம் அழகாகப் பூத்திருந்தது, நல்லவர்கள் யாரும் கிளம்பவில்லை, நானும் கிளம்பவில்லை. பிறகு முகில்கள் பக்கவாட்டில் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நிலத்தில் நிழல் விழுந்தது. நிழல் விழுந்தால் தேர்மல் இல்லை, தேர்மல் இல்லாவிட்டால் முகில் கலையும், கலைந்தால் மறுபடி வெயில் வரும் என்று காத்திருந்தோம். அன்று அது கலையவில்லை. கிளம்பி 70 கிலோமீற்றரில் அறுவடை முடிந்த ஒரு கோதுமை வயலில் இறங்கினேன். அந்த விவசாயி நல்ல மனிதர், தேநீர் தந்தார். ட்ரெயிலர் வந்து சிறகுகளைக் கழற்றி ஏற்றி முடிக்க இரவு பத்தாகிவிட்டது. அன்று கோடு திறந்த உடனே போன ஒரு வயதான அம்மா, மணிக்கு 70 கூட எடுக்காமல், எங்கள் எல்லாருக்கும் மேலே பட்டியலில் இருந்தார்.

தம்பிக்கு நான் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அது ஒரு நாள் கதை அண்ணன்" என்றார். அது சரியான பதில்தான். ஒரு நாளை வைத்து முடிவு கட்டக்கூடாது. ஆனால் என் பக்கத்தில் இன்னொரு காரணம் இருக்கிறது. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன்.

முந்திக் கிளம்பியதைத் திருத்திக்கொள்ளலாம், காத்திருந்ததைத் திருத்த முடியாது. கோட்டைக் கடந்து பத்துக் கிலோமீற்றர் போனபின் காற்று இளசாக இருக்கிறது என்று கண்டால், திரும்பி வந்து மறுபடி கோட்டைக் கடக்கலாம். பழைய கடிகாரம் போய்விடும், புதியது ஓடும். விதி அதை அனுமதிக்கிறது. இழப்பது இருபது நிமிடம்தான், அந்த இருபது நிமிடத்தில் முதல் பத்துக் கிலோமீற்றர் வானத்தை நேரில் பார்த்து வந்திருப்பீர்கள். முக்கால் மணித்தியாலம் சுற்றிக் காத்திருந்தவருக்கு அந்த நேரத்தை யார் திருப்பித் தருவார்?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம், பெரும்போக நெல்லைத் தெருவில் காயப்போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பங்குனி, சித்திரையில் எங்கள் வானம் காலையில் துடைத்து வைத்தது போல இருக்கும், பிற்பகலில் மேற்கே இருண்டு இடி கேட்கும். அந்த நாட்களில் அனுபவமுள்ளவர் காலை வெயில் ஏறத் தொடங்கும்போதே நெல்லைப் பரப்பிவிடுவார். பத்து மணிக்கே வானம் முகம் கறுத்தால் அள்ளிக் குவித்துப் படங்கால் மூடலாம், மறுகா விரிக்கலாம். "நல்லா வெயில் ஏறட்டும்" என்று பதினொரு மணிவரை சாக்கில் வைத்திருந்தவருக்கு அன்று ஒரு வெயிலும் மிஞ்சாது.

எங்கள் வானத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தேர்மலைப் படித்தது இங்கிலாந்தில் இல்லை, கல்லடிப் பாலத்தில். பிற்பகலில் பாலத்தில் நின்று மேற்கே பாருங்கள். கடல் பக்கத்து எழுவான்கரையின் மேல் வானம் வெறுமையாக இருக்கும், வாவிக்கு அப்பால் படுவான்கரையின் மேல் முகில்கள் கரைக்கு ஒத்தாற்போல வரிசை கட்டி நிற்கும். கடற்காற்று உள்ளே தள்ளிக்கொண்டு போய், நிலத்தின் சூடான காற்றை முட்டி மேலே தூக்கும் எல்லை அது. செம்பருந்துகள் அந்த வரிசைக்குக் கீழே இறக்கையை அசைக்காமல் ஏறுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். தெற்கு இங்கிலாந்திலும் இதே எல்லையில் கிளைடர்கள் வட்டமடிக்காமலே நேர்கோட்டில் பல கிலோமீற்றர் ஓடுகின்றன. எல்லையின் கடல் பக்கம் போய்விட்டால் காற்று செத்துக் கிடக்கும். பிற்பகல் ஏற ஏற அந்த எல்லை உள்நாட்டுக்கு நகரும். பிந்திக் கிளம்பியவரின் விமானத்தளமே செத்த காற்றுக்குள் மாட்டிக்கொள்வது உண்டு.

ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது கதை வேறு. மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் சூடாகவும் வறண்டும் இறங்கி வரும் காற்று அது. அது பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்றுக்கு வழி கிடைக்காது, முகில் வரிசையும் கட்டாது. ஒரே ஊர், ஒரே வெயில், காற்றின் திசையால் இரண்டு வேறு வானம். மாறுகிற வானிலை என்று நான் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

சரி, தம்பிக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. எல்லாப் போட்டியும் கட்டாயத் திருப்புமுனை ஓட்டம் அல்ல. வானம் சந்தேகமாக இருக்கும் நாளில் அமைப்பாளர்கள் பெரும்பாலும் வட்டப் பரப்பு ஓட்டம் வைப்பார்கள். திருப்புமுனைக்குப் பதிலாகப் பெரிய வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் எவ்வளவு ஆழம் போவது என்பதை விமானியே தீர்மானிக்கலாம். குறைந்தபட்ச நேரம் ஒன்று இருக்கும், இரண்டரை மணித்தியாலம் என்று வையுங்கள். அதற்கு முன்பே வந்துவிட்டாலும் போன தூரத்தை இரண்டரையால்தான் வகுப்பார்கள். இந்த ஓட்டத்தில் பிந்திப் போனவர் திரையைக் கண்டதும் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். வேகம் குறையும், ஆனால் கிளைடர் வயலில் கிடக்காது. அங்கே காத்திருப்பதின் தண்டனை பாதியாகிறது. அப்படியான நாளில் நானும் கால் மணித்தியாலம் பொறுப்பேன். அதற்கு மேல் பொறுத்தால் குறைந்தபட்ச நேரத்தை நிரப்பவே வெயில் போதாது.

கூட்டத்தோடு பறப்பதா தனியே பறப்பதா என்பது இதன் துணைக் கேள்வி. காத்திருக்கிறவர் எப்படியும் கூட்டத்துக்குள்தான் போவார். இருபது கிளைடர் ஒரே தேர்மலில் சுற்றுவது சிமியூலேட்டரில் அழகு. உண்மையில் கழுத்து முறிய நாலு பக்கமும் பார்க்க வேண்டும். பக்கத்தில் வருபவரைப் பற்றி எச்சரிக்கும் ஃபிளார்ம் கருவி 2004 முதல் வந்தபின் எவ்வளவோ மேல், ஆனாலும் கண்ணுக்கு அது மாற்று இல்லை. முந்திப் போகிறவருக்கு அமைதியான வானம் கிடைக்கும், பதிலாகத் தேர்மலைத் தானே தேட வேண்டும். எனக்கு அந்தத் தேடல் பிடிக்கும்.

தனியே போகிறவர் வேகத்தை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த தேர்மல் எவ்வளவு ஏற்றும் என்று எதிர்பார்க்கிறோமோ, அதற்கு ஏற்ற வேகத்தில்தான் இடையில் சறுக்க வேண்டும் என்ற கணக்கைப் பறப்பவர்கள் கையில் கொடுத்தவர் அமெரிக்கரான பால் மக்ரெடி. 1956இல் பிரான்சில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர். பிற்காலத்தில் மனிதக் காலால் மிதித்து ஓட்டும் விமானத்தைச் செய்து 1979இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க வைத்தவரும் அவரே. எதிர்பார்க்கும் ஏற்றத்துக்குத் திருப்பி வைக்க அவர் பெயரில் ஒரு வளையம் உண்டு, அதை நல்ல நாளில் வினாடிக்கு இரண்டு மீற்றருக்கு வைப்பேன், மாறுகிற நாளில் அரை மீற்றருக்கு இறக்கிவிடுவேன். வேகம் குறையும், அடுத்த தேர்மலுக்கு உயரமாகப் போய்ச் சேர்வேன். தம்பி எப்போதும் இரண்டிலேயே வைத்திருப்பார். அவர் வயலில் இறங்குவதற்குக் காத்திருப்பது பாதிக் காரணம் என்றால் மற்றப் பாதி இது.

சிறகுக்குள் தண்ணீர் நிரப்பி எடையேற்றும் கேள்வியை இங்கே எடுக்கவில்லை. நாங்கள் பறப்பது பழைய கிளைடர்களுக்கான கிளப் வகுப்பில், அங்கே தண்ணீருக்கு அனுமதி இல்லை.

போன கிழமை மறுபடி 200 கிலோமீற்றர் வைத்தோம், மூன்று மணிக்குமேல் முகில் பரவும்படி. கோடு திறந்ததும் நான் போனேன். பின்னால் பார்த்தேன், தம்பியைக் காணவில்லை. பதினைந்து நிமிடத்தில் கணினித் திரையில் அவர் பெயர் கோட்டைக் கடந்தது. முதல் திருப்புமுனையில் என்னைப் பிடித்துவிட்டார். கடைசிச் சறுக்கலில் இருவரும் ஒரே உயரத்தில் வந்தோம், அவர் நாற்பது வினாடி முந்தி. அடுத்த கிழமை கோடு திறந்தபின் பத்து நிமிடம் நானும் நின்று பார்க்கப்போகிறேன்.