ஒல்லிப் பைப்பா, பருத்த பைப்பா? பைக்கின் புகைக்குழாயை வீட்டில் செய்ய நினைக்கும் கொழும்புக்காரருக்கு

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலையில் பைக்கில் போகிறவர்களுக்குத் தெரியும், காலி வீதியில் நான்காம் கியருக்குப் போவதே அபூர்வம். சிக்னலில் நின்று, பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து, ஓட்டோவுக்கு வழிவிட்டு ஓடும் ஓட்டம் அது. என் பல்சர் 150 அந்த நேரத்தில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 3000க்கும் 6000க்கும் இடையில்தான் (ஆர்.பி.எம்.) சுற்றும். எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாயை, அதாவது பெண்ட் பைப்பை, முதல் தடவை செய்தபோது நான் கணக்கில் எடுக்காதது இதைத்தான். பார்க்க அழகாக இருக்கிறது என்று 38 மி.மீ. குழாயில், கட்டையாக, சைலன்சரை எஞ்சினுக்குக் கிட்டவே கொண்டுவந்து வைத்தேன். சத்தம் வந்தது. இழுவை போய்விட்டது. 5000க்குக் கீழே திரொட்டிலைத் திருகினால் பைக் யோசித்து யோசித்துத்தான் நகர்ந்தது.

கிராண்ட்பாஸில் வெல்டிங் செய்யும் ஒரு பாஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெல்டிங்கைப் பார்க்கவே இல்லை. "ஹெட்ல இருக்கிற போர்ட்ட அளந்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எஞ்சின் தலையில் புகை வெளியே வரும் துளைதான் போர்ட். அளக்கவில்லை.

ஒல்லிக் குழாய்க்கும் பருத்த குழாய்க்கும் உள்ள வித்தியாசம் எளிய கணக்குத்தான். உள்விட்டம் 28 மி.மீ. உள்ள குழாயை விட 38 மி.மீ. குழாயின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு பெரியது. அதே அளவு புகை அதற்குள் அவ்வளவுக்கு மெதுவாகப் போகும். வேகமாக ஓடும் புகை தனக்குப் பின்னால் உறிஞ்சிக்கொண்டே போகும். வெளியேற்று வால்வு மூடுவதற்கு முன்பே உள்ளிழு வால்வு திறக்கும் அந்தச் சிறு இடைவெளியில், இந்த உறிஞ்சல்தான் மிச்சப் புகையை வெளியே இழுத்துப் புதிய கலவைக்கு இடம் விடுகிறது. புகை மெதுவானால் அந்த உதவி இல்லை. பருத்த குழாய் பிழையென்று சொல்லவில்லை. 9000, 10000க்கு மேல் ஓடும் ரேஸ் எஞ்சினுக்குப் புகை அதிகம், அதற்கு அது வேண்டும். காலி வீதிக்கு வேண்டாம்.

நீளமும் இப்படித்தான். வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய் வழியே ஓடும். சூடான புகைக்குள் அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 500 மீற்றர். குழாய் முடிந்து விரிகிற இடத்தில் அது இழுக்கும் அலையாக மாறித் திரும்பி வரும். இரண்டு வால்வுகளும் திறந்திருக்கும் நேரம் பார்த்து அது வந்து சேர்ந்தால் எஞ்சினுக்கு இலாபம். 6000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்ற 10 மில்லிசெக்கன், 3000இல் 20. மெதுவாகச் சுற்றும்போது அலையும் பிந்தி வர வேண்டும், அதற்குக் குழாய் நீளமாக இருக்க வேண்டும். இரண்டாவது தடவை போர்ட்டை வேர்னியர் அளவுகோலால் அளந்து, அதைவிட ஓரிரு மில்லிமீற்றர் மட்டும் கூடிய குழாயில், எஞ்சினுக்கு அடியால் பின்சில்லுக்குக் கிட்டே போகுமளவு நீளம் வைத்தேன். போன இழுவை திரும்பி வந்தது.

(டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை எடுக்கக் கூடாது. அங்கே விரிந்து சுருங்கும் கூம்புதான் எல்லாம். 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். பைக் நிறுவனத்தில் வால்டர் காடன் அதைச் செம்மைப்படுத்தினார். 1961இல் அவருடைய ஓட்டக்காரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பியோடி சுசுகியில் சேர்ந்தார், அடுத்த ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்குப் போனது. ஒரு தகரக் கூம்பின் அளவுக்கு அவ்வளவு பெறுமதி. கண்மதிப்பில் செய்யும் வேலை இல்லை அது.)

சரி, குழாயை வளைப்பது எப்படி? மூன்று வழிகள் உண்டு, மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

பழைய வழி மணல். குழாய்க்குள் மணலைத் தட்டித் தட்டி இறுக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டை அடித்து, சிவக்கச் சூடாக்கி வளைப்பது. செலவு இல்லை. ஆனால் மணல் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நீராவி கட்டையை வெடிபோலத் தள்ளிவிடும், முகத்துக்கு நேரே நிற்கவே கூடாது. குழாயின் தையல் வளைவின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வராமல் விலாவில் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறைந்த ஆரையில் வளைவு எனக்கு வந்ததில்லை, சப்பளிந்துவிடும். எஞ்சினுக்கும் முன்சில்லுக்கும் இடையில் உள்ள இடமோ அதைவிடக் குறைவு.

இரண்டாவது, குழாயைச் சாய்வாகத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவது. படங்களில் பார்க்க ஆசையாக இருக்கும். 15 பாகைத் துண்டுகளால் 90 பாகை வளைவு எடுக்க ஆறு ஒட்டு வேண்டும். ஒவ்வொன்றிலும் வெல்டிங் உள்ளே பிதுங்கும், அதை அராவாவிட்டால் புகை ஆறு இடத்தில் தடுக்கி விழும். ஒரு சனி ஞாயிறு முழுவதும் போனது. டிக் வெல்டிங் (ஆர்கன் வாயு மூடிக் காக்க நுணுக்கமாக ஒட்டும் முறை) கைவந்தவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

மூன்றாவது, வளைத்தே விற்கும் துண்டுகளை வாங்குவது, அல்லது பஞ்சிகாவத்தையில் பழைய பைக்குகளின் பெண்ட் பைப்புகளைத் தேடி எடுத்து வேண்டிய வளைவை வெட்டிக்கொள்வது. எனக்கு இதுதான் சரி. வளைவுக்குள் விட்டம் குறையாது, இரண்டு மூன்று ஒட்டோடு வேலை முடியும். ஒரு எச்சரிக்கை: மலிவு என்று ஹார்ட்வெயார் கடையில் தண்ணீருக்கு விற்கும் ஜி.ஐ. பைப்பை மட்டும் எடுக்காதீர்கள். அதன் மேல் பூசிய துத்தநாகம் வெல்டிங் சூட்டில் வெண்புகையாக எழும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும்.

அடுத்தது இரும்பா, ஸ்டெயின்லெஸ்ஸா. கடலுக்குத் தூரமான ஊரில் இருந்தால் இரும்பு என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். சாதாரண ஆர்க் மெஷினில் ஒட்டலாம், பிழைத்தால் அராவித் திரும்ப ஒட்டலாம். ஆனால் கடற்கரைப் பக்கம் நிறுத்தும் பைக்கில் இரும்புக் குழாய் ஒரு மழைக்காலத்திலேயே கறள் பிடிக்கும். சூடு தாங்கும் பெயின்ட் அடித்தாலும் ஒட்டுகளில் இருந்து தொடங்கிவிடும். 304 ரக ஸ்டெயின்லெஸ் அந்த உப்புக் காற்றை இரும்பை விட நன்றாகத் தாங்கும். வேறு குணம் உண்டு: சூட்டில் இரும்பை விட அதிகம் நீளும். 700 மி.மீ. குழாய் 400 பாகை சூடேறினால் இரும்பு 3 மி.மீ. சொச்சம், ஸ்டெயின்லெஸ் கிட்டத்தட்ட 5 மி.மீ. அந்த நீட்சிக்கு இடம் விடாமல் பிராக்கெட்டை இறுக்கிப் பூட்டினால் ஒட்டில் வெடிப்பு விழும். ஒட்டும்போது குழாய்க்குள்ளும் ஆர்கன் விட வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிச் சீனி போலப் பொருபொருத்துவிடும். அதனால் நான் இரும்பில் ஒன்று செய்து அளவெல்லாம் திருத்திய பிறகு, அதையே மாதிரியாக வைத்து ஸ்டெயின்லெஸ்ஸை டிக் வெல்டிங் செய்யும் இடத்தில் கொடுத்து ஒட்டினேன். புள்ளி ஒட்டு மட்டும் வீட்டில்.

சைலன்சரில் எனக்கு அதிக யோசனை இல்லை. ஓட்டைக் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு அடைத்த நேர்வழி சைலன்சர் கீச்சொலியைத் தின்னும், அடித்தொனியை விட்டுவிடும். பஞ்சு எரிந்து போகப் போகச் சத்தம் கூடிக்கொண்டே வரும். கம்பனி சைலன்சருக்குள் அறைகள் இருக்கின்றன, அடித்தொனியை அவைதான் அடக்குகின்றன. தொடர்மாடியில் இருக்கிறேன், மேல்மாடியில் ஏ.எல். படிக்கும் பிள்ளை இருக்கிறது. என் பெண்ட் பைப்புக்குப் பின்னால் இருப்பது கம்பனி சைலன்சர்தான். பொலிஸ் மறித்துக் கேட்கவும் அதில் எதுவும் இல்லை.

இனி டியூனிங். குழாய் மாறினால் காபரேட்டரும் மாற வேண்டும், இதை விடுகிறவர்கள்தான் அதிகம். பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது ஒரு முறை: வெள்ளையாக இருந்தால் பெற்றோல் போதாது, கரி படிந்தால் அதிகம், மண்ணிறம் சரி. முழுத் திரொட்டிலில் ஓடி, அப்படியே கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்திப் பார்த்தால்தான் அந்த நிறம் உண்மை. கொழும்புக்குள் அதற்கு இடம் எங்கே? ஈயமில்லாத இன்றைய பெற்றோலில் நிறமும் மங்கலாகத்தான் விழுகிறது. புகையில் மிஞ்சும் ஒட்சிசனைப் பார்த்துக் கலவையைச் சொல்லும் வைட்பேண்ட் லாம்டா சென்சர் காசு கூட. ஆனால் எண்ணாகவே காட்டும்: முழுத் திரொட்டிலில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 12.5இலிருந்து 13 பங்கு காற்று (எடையில்) என்ற அளவில் நின்றால் நல்லது. மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினோம், வேலை முடிந்ததும் அடுத்தவர் பைக்குக்குப் போய்விடும். சென்சர் பூட்டும் நட்டைக் குழாயின் மேல்பாதியில் ஒட்டுங்கள், கீழே ஒட்டினால் குழாய்க்குள் தேங்கும் தண்ணீர் சென்சரை உடைக்கும்.

காபரேட்டரில் பெற்றோலை விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி கூட்டியதோடு எனக்குச் சரிவந்தது. திரொட்டிலைத் தொடாமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் மட்டும் பெற்றோல் கூடிவிடாமல் பார்த்துக்கொண்டேன், புகைப் பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட்டு அங்கேதான் மாட்டும். அது தேறாமல் அந்த ஆண்டு வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.

அப்புறம், திரொட்டிலை விடும்போது டப் டப் என்று வெடித்தால் ரேஸ் பைக் சத்தம் என்று மகிழ வேண்டாம். பெரும்பாலும் ஹெட்டோடு சேரும் இடத்தில் காற்று உள்ளே போகிறது, அல்லது ஐடில் கலவை மெலிந்திருக்கிறது. முதல் தடவை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு அந்த இரண்டு நட்டையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள். குழாயைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள்.