சின்ன லேபுக்கு எந்த டெவலப்பர்?

கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவித் தரும் லேப் தொடங்குபவர்கள் பலரும் கிரெயின் (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) அழகை வைத்தே டெவலப்பரை, அதாவது ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசலைத் தேடுகிறார்கள். சொந்த ரோல் கழுவுபவருக்கு அது சரி. அடுத்தவர் ரோலை வாங்கிக் கழுவித் தருபவருக்கு, இன்று வரும் ரோலும் அடுத்த மாதம் வரும் ரோலும் ஒரே அடர்த்தியில் வர வேண்டும். அதுதான் முக்கியம்.

என் முதல் தேர்வு கோடாக்கின் எக்ஸ்டால் என்ற டெவலப்பர், ரீப்ளெனிஷ் முறையில். அதே கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, 36 படம் கொண்ட ஒவ்வொரு ரோலுக்கும் 70 மில்லி புது ஸ்டாக் (மேலும் தண்ணீர் கலக்காத மூலக் கரைசல்) சேர்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ரீப்ளெனிஷுக்கு ஒதுக்கும் 5 லிட்டர் ஏறக்குறைய 70 ரோலுக்கு வரும். கோடாக்கின் இன்னொரு டெவலப்பரான டி-76-ஐச் சம அளவு தண்ணீர் கலந்து ஒருமுறை பயன்படுத்திக் கொட்டினால், ரோலுக்குக் கால் லிட்டர் ஸ்டாக் போகும். அதே 5 லிட்டரில் 20 ரோல்தான். எக்ஸ்டாலில் கிரெயினும் நயம், நிழல் பகுதி விவரமும் நன்றாக நிற்கும், புஷ் செய்யவும் (வெளிச்சம் குறைவாக எடுத்த ஃபிலிமைக் கூடுதல் நேரம் கழுவவும்) தாங்கும்.

ஆனால் எக்ஸ்டால் செத்துப்போனால் நிறம் மாறாது. பார்க்கத் தெளிவாகவே இருக்கும், நெகட்டிவ் மட்டும் வெளிறி வரும். இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் கரைத்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். டிஸ்டில்டு வாட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெளிச்சத்திலேயே ஒரு துண்டு ஃபிலிம் லீடரை (ரோலின் தொடக்கத்தில் படம் இல்லாத நுனியை) அதில் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் நன்றாகக் கறுத்தால்தான் வாடிக்கையாளர் ரோல் உள்ளே போகலாம்.

வாரத்துக்கு நாலைந்து ரோல்தான் வரும் என்றால் ரீப்ளெனிஷ் வேண்டாம், கரைசல் சும்மா கிடந்து பழசாகும். அங்கே டி-76 போதும். இல்ஃபோர்டின் ஐடி-11-ம் ஏறக்குறைய அதேதான். எந்த ஃபிலிமுக்கும் நேரக் கணக்கு கிடைக்கும்.

ஹெச்சி-110 திரவமாக வருவதால் வேண்டிய அளவு மட்டும் கலக்கலாம். ஆனால் 1+31 கலவையில் (ஒரு பங்குக்கு 31 பங்கு தண்ணீர்) இல்ஃபோர்டின் எச்பி5 ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 5 நிமிடம்தான். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரின் சூட்டில் அந்த நேரம் இன்னும் சுருங்கி, படம் திட்டுத்திட்டாக விழும். குளிர்விக்க முடியாவிட்டால் கூடுதலாக நீர்க்க வைத்து, நேரத்தை நீட்டுங்கள்.

1891-இலிருந்து இருக்கும் ரோடினால் பாட்டிலில் கறுத்துப்போனாலும் வேலை செய்யும். கிரெயின் தூக்கலாகத் தெரியும், புஷ்ஷுக்கு ஆகாது. கேட்டு வருபவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.