பழைய ஸ்போர்ட்ஸ் காரின் குளோவ் பாக்ஸ் லாட்ச்: எந்தப் பழுதுபார்ப்பு நிலைக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டாஷ்போர்டில் உள்ள குளோவ் பாக்ஸ் பெட்டியின் மூடியைப் பிடித்து வைக்கும் லாட்ச் உடைந்தால், அதை மட்டும் கழற்றிப் புதிதாகப் போட்டால் புதியதும் உடையும். மூடி சரியாக உட்காராமல் இருப்பதுதான் பெரும்பாலும் மூலக் காரணம். அதைச் சரிசெய்துவிட்டு, பிடி சுழலும் ஒடிந்த பிளாஸ்டிக் அச்சுக்குப் பதிலாக 3 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி போட்ட பழைய லாட்ச் வருடக்கணக்கில் நிற்கிறது. சூப்பர் குளூ நிற்பதில்லை. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் முப்பரிமாண அச்சுப்பொறியால் (3டி பிரின்டர்) அச்சடித்த பாகம் சிங்கப்பூர் வெயிலில் நிற்கவே நிற்காது.

இங்கே எழுதியிருப்பது முக்கியமாக மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் இரண்டு தலைமுறைகளை (1989 முதல் 1997 வரை வந்த என்ஏ, 1998 முதல் 2005 வரை வந்த என்பி) மனதில் வைத்து. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிற மற்ற பழைய ஜப்பானிய இரண்டு சீட்டு வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும். திருகுகளின் எண்ணிக்கையும் லாட்சின் வடிவமும் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். உடைகிற விதம் மாறுவதில்லை.

ஏன் உடைகிறது

லாட்சில் இருப்பவை சில பாகங்கள்தான்: விரலால் இழுக்கும் பிடி, அது நகர்த்தும் கொக்கி, இரண்டையும் பழைய இடத்துக்குத் தள்ளும் ஸ்பிரிங். எதிரே டாஷ்போர்டு பக்கம் கொக்கி மாட்டிக்கொள்ளும் ஸ்டிரைக்கர். பிடியின் இருபுறமும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த சிறு அச்சு முனைகள் இருக்கும். அவற்றில் ஒன்று அடியோடு ஒடிவதுதான் வழக்கமான பழுது. மற்றது அரை வட்டமாகத் தேய்ந்துபோய் ஒப்புக்கு நிற்கும்.

திறந்த வெளியில் நிறுத்திய வண்டியில் டாஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஏறி உட்கார்ந்ததும் ஏர்கான் குளிர்க் காற்றை அதே இடத்தில் அடிக்கும். இருபது வருடம் தினமும் இப்படி விரிந்து சுருங்கிய பிளாஸ்டிக்கில் வளைந்து கொடுக்கும் தன்மை போய்விடும். ஆனால் வயது மட்டும் அதை உடைப்பதில்லை, சுமை வேண்டும். பெட்டி நிறையப் பொருளைத் திணித்து மூடியை அழுத்திச் சாத்தும்போது, உள்ளிருக்கும் பொருள் மூடியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கொக்கி ஸ்டிரைக்கரை இறுக்கிப் பிடித்திருக்கும் நிலையில் பிடியை இழுத்தால், விரல் விசை முழுவதும் அந்த இரண்டு அச்சு முனைகளில் இறங்குகிறது. தடித்த கையேட்டு உறையும் டிஷ்யூ பாக்கெட்டுகளும் மடக்குக் குடையும் சேர்ந்தாலே இதற்குப் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரம் உறிஞ்சும் பிளாஸ்டிக் டப்பாவைப் பலர் இந்தப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். துணிக்கூரை வண்டி என்பதால் பூஞ்சை பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த டப்பாவில் சேரும் நீர் கால்சியம் குளோரைடு கரைசல். டப்பா சாய்ந்து கசிந்தால் ஸ்டிரைக்கரையும் ஸ்பிரிங்கையும் துருப்பிடிக்க வைத்துவிடும். துருவேறிய ஸ்டிரைக்கர் அரம்போலக் கொக்கியைத் தேய்க்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், கசிய அதில் நீரே இல்லை.

மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால்

நெம்பாதீர்கள். ஒரு கையால் மூடியின் மேல் விளிம்பை உள்ளே அழுத்துங்கள். கொக்கியின் மீதுள்ள சுமை இறங்கியதும், பிடியில் மிச்சமிருக்கும் பகுதியை மெல்ல இழுத்தாலே பல சமயம் திறந்துவிடும். திறக்காவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் நெம்பு தகட்டை மேல் இடைவெளியில் நுழைத்துக் கொக்கியைத் தேடித் தள்ளலாம். ஸ்க்ரூடிரைவரால் செய்தால் டாஷ்போர்டு விளிம்பில் பள்ளம் விழும், அதை மறைக்க வழியே கிடையாது. கீல் திருகுகள் கீழிருந்து எட்டும் வண்டியாக இருந்தால், அவற்றைக் கழற்றி மூடியைக் கீழ்ப்பக்கமாகத் தளர்த்திக் கையை விட்டுக் கொக்கியை விடுவிப்பது இன்னும் நல்லது.

கழற்றுவது

பெட்டியைக் காலிசெய்து, இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்பு முனைகள் விடுபட்டு மூடி முழுதாகத் தொங்கும். பிறகு அடிவிளிம்பில் உள்ள கீல் திருகுகள். இவை ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) வகை. சாதாரண பிலிப்ஸ் முனை அவற்றில் முழுதாக உட்காராமல் நழுவித் தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் 2ஆம் எண் டிரைவர் ஒன்று சில வெள்ளிதான். பழைய ஜப்பானிய வண்டி வைத்திருப்பவரிடம் அது இல்லாமல் இருக்கக் கூடாது.

பயணி பக்க ஏர்பேக் உள்ள வண்டியில் அது குளோவ் பாக்ஸுக்கு மேலே இருக்கும். மஞ்சள் நிற இணைப்புகள் எதையும் தொட வேண்டாம். இந்த வேலைக்கு அவசியமும் இல்லை. கை அந்தப் பக்கம் போகும் என்று தோன்றினால் பேட்டரியின் எதிர்முனையை (மைனஸ்) கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். எம்எக்ஸ்-5இல் பேட்டரி பின்பக்கச் சாமான் அறையில் இருக்கிறது, முன்னால் தேட வேண்டாம்.

புதிய ஈஆர்பி (மின்னியல் சாலைக் கட்டணம்) முறைக்கான ஓபியு கருவி பொருத்திய கார்களில் அதன் செயலிப் பெட்டி பொதுவாக முன் பயணியின் காலடிப் பகுதியில் இருக்கும். அதன் கம்பிகள் குளோவ் பாக்ஸின் பின்னால் ஓடியிருக்கலாம். இழுக்கவோ இடம் மாற்றவோ கூடாது. ஓபியு பொருத்தி வந்த பிறகுதான் மூடி ஆட ஆரம்பித்தது என்றால், லாட்சைக் குறை சொல்வதற்கு முன் கீல் திருகுகள் எல்லாம் இருக்கின்றனவா, ஏதாவது கம்பி பெட்டியின் முதுகை முன்னால் தள்ளுகிறதா என்று பாருங்கள்.

மூடி உட்காரும் விதம்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தவறவிடுவதும் இதைத்தான்.

ஸ்டிரைக்கரின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன்மேல் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்த குங்குமத்தை மெல்லிசாகத் தடவுங்கள். மூடியை ஒருமுறை சாத்தித் திறங்கள். கொக்கியில் எங்கே சிவப்பு ஏறியிருக்கிறது என்று பார்த்தால் கதை தெரிந்துவிடும். நடுவில் சமமாக இருந்தால் நல்லது. ஓரத்தில் மட்டும் இருந்தால் மூடி பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. கொக்கியின் நுனியில் மட்டும் கோடுபோல இருந்தால் பிடிப்பு போதவில்லை, மேடு பள்ளத்தில் தானே திறந்துகொள்ளும். பார்த்து முடித்ததும் டேப்பை உரித்துவிடுங்கள். வெளிர் நிறத் துணியில் பட்டால் கறை போகாது.

ஸ்டிரைக்கரின் திருகுத் துளைகள் நீள்வட்டமாக இருந்தால் அரைச் சுற்று தளர்த்தி, வேண்டிய பக்கம் நகர்த்தி, மீண்டும் இறுக்கலாம். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் சிவப்பைப் பார்த்துக்கொண்டே போங்கள்.

அடுத்தது ரப்பர் குமிழ்கள். மூடி டாஷ்போர்டில் மோதும் மூலைகளில் இவை இருக்கும். இருபது வருடத்தில் சில கல்லாகியிருக்கும், சில காணாமல் போயிருக்கும். காணாமல் போனால் மூடி கடகடக்கும். அந்தச் சத்தத்தை நிறுத்தத் தடித்த பஞ்சு நாடாவை ஒட்டுவதுதான் பலர் செய்வது. சத்தம் நின்றுவிடும், ஆனால் அந்தப் பஞ்சு இரவும் பகலும் கொக்கியை இழுத்துக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் அச்சு மறுபடி ஒடியும். 2 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒட்டும் சிலிக்கோன் குமிழ் இரண்டு, மேல் மூலைகளில் ஒவ்வொன்று, அதற்கு மேல் வேண்டாம். மூடியைச் சாத்திய பிறகு விரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். விட்டால் சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். கொஞ்சமும் போகவில்லை என்றால் குமிழ் தடிமன் அதிகம்.

மூடியே வெயிலில் வளைந்திருந்தால் சூடுகாட்டி நிமிர்த்த முயல வேண்டாம். மேற்பரப்பின் மணி மணியான பதிவு வழுவழுப்பாகிவிடும். ஒரு பக்கக் குமிழைச் சன்னமாக்கி ஸ்டிரைக்கரை நகர்த்திச் சமாளிப்பதே சரி.

எஃகுக் கம்பி அச்சு

லாட்சின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் வகையைக் குறித்திருக்கிறதா பாருங்கள். ஏபிஎஸ் (ஒரு வகை பிளாஸ்டிக்) என்று இருந்தால் ஒட்டலாம், துளையிடலாம். பிஓஎம் (வழுவழுப்பான இன்னொரு வகை) என்று இருந்தால் துளையிடலாம், பசை பிடிக்காது. பிரிப்பதற்கு முன் ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளும் எங்கே மாட்டியிருக்கின்றன என்று கைப்பேசியில் அருகிலிருந்து படம் எடுத்துவிடுங்கள். முனை மாற்றி மாட்டிவிட்டால் பிடி தொங்கிக்கொண்டே இருக்கும்.

ஒடிந்த முனையையும் ஒடியாத முனையையும் இரண்டையுமே அரத்தால் மட்டமாகத் தேய்த்துவிடுங்கள். ஒன்றை விட்டுவைத்து மற்றதை மட்டும் மாற்றினால் விட்டுவைத்தது பின்னால் ஒடியும். நடுப்புள்ளியைக் கூர்முனையால் குத்தி, முதலில் 1 மில்லிமீட்டர், பிறகு 2, கடைசியாக 3 மில்லிமீட்டர் என்று கையால் திருகும் சிறு துளைப்பானில் துளையுங்கள். மின் துளைப்பானின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகித் துளை விரிந்துவிடும். பிடியின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை ஒரே கம்பி ஊடுருவிப் போவதுதான் இந்த முறையின் பலம். விசை முழு நீளத்துக்கும் பரவிவிடுகிறது. பிடியில் துளை கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், கூட்டின் (பிடியைத் தாங்கும் வெளி உறை) காதுகளில், அதாவது அச்சு நுழையும் இரு பக்க நீட்சிகளில், 3.2 மில்லிமீட்டர் துளையிட்டுக் கம்பி தாராளமாகச் சுழல விட வேண்டும். காதுகளில் ஏற்கெனவே உள்ள துளை பெரிதாக இருந்தால், உள்விட்டம் 3 மில்லிமீட்டர் உள்ள பித்தளைக் குழாயைத் துண்டு வெட்டி இடையில் போடுங்கள்.

கம்பி இல்லாதபோது எம்3 (3 மில்லிமீட்டர்) ஸ்க்ரூவைப் போடுகிறார்கள். முழுக்கப் புரி போட்ட ஸ்க்ரூ வேண்டாம், சுழலும் இடத்தில் புரி பிளாஸ்டிக்கை ரம்பம்போல அறுக்கும். ஜாலான் புசார் வட்டார ஹார்ட்வேர் கடைகளில் 3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியே கேட்டு வாங்கிவிடலாம். வெட்டிய முனைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள்.

திருகு தளராமல் இருக்க புரியை இறுக்கிப் பிடிக்கும் பசை (த்ரெட்லாக்கர்) போடும் பழக்கம் எஞ்சின் வேலை செய்பவர்களுக்கு உண்டு. பிளாஸ்டிக்கைத் தொடும் திருகில் அது கூடவே கூடாது. ஏபிஎஸ்ஸிலும் பாலிகார்பனேட்டிலும் அது மயிரிழை விரிசல்களை உண்டாக்கும், சில நாள் கழித்துக் காது தானாகவே உதிரும். டபிள்யூடி-40 அடிப்பதும் வேண்டாம். பிளாஸ்டிக்குக்குப் பாதுகாப்பான சிலிக்கோன் கிரீஸ், அரிசி அளவு, கொக்கி நுனியிலும் கம்பி சுழலும் இடத்திலும் போதும்.

மற்ற வழிகள்

சூப்பர் குளூ கடினமாகிப் படிகம்போல உடையும். பக்கத்தில் வெள்ளைப் பூப்பூக்கவும் செய்யும். ஐந்து நிமிட எப்பாக்ஸி அதைவிடப் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் இறுகும் வகைகள் வெயிலில் நிறுத்திய காரின் சூட்டிலேயே இளகத் தொடங்கும். கூட்டில் விரிசல் விட்டிருந்தால் உலோகத் தூள் கலந்த, மெதுவாக இறுகும் எப்பாக்ஸிதான். 120ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலைத் துண்டு ஒன்றை உள்பக்கம் பதித்து, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். இதைக் கூட்டுக்குப் பயன்படுத்தலாம், அச்சு முனையை மறுபடி ஒட்ட அல்ல.

முப்பரிமாண அச்சடிப்பு நன்றாக வேலை செய்கிறது, பொருள் சரியாக இருந்தால். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகும், அளவு சரிபார்க்க மட்டும் உதவும். பெட்ஜி என்ற பிளாஸ்டிக் சுமார் 80 டிகிரிவரை தாங்கும், சுமை இருக்கும் கொக்கிக்கு அது போதாது. வெயிலைத் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கைக் கேளுங்கள். உள்ளே முழுக்க நிரப்பி, அச்சடிக்கும் அடுக்குகள் கொக்கியின் நீளவாக்கில் ஓடும்படி கிடத்தி அச்சடிக்கச் சொல்லுங்கள். நிறுத்தி அச்சடித்தால் அடுக்குகளுக்கு இடையே பிளந்துவிடும். நைலானும் நல்லதே, ஆனால் இங்குள்ள ஈரத்தை உறிஞ்சிச் சற்று உப்பும். அதற்காக இடைவெளியில் கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும்.

ஜொகூர் பாருவின் ஹாஃப்-கட் (வெட்டிய பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும்) கடைகளில் கிடைக்கும் பழைய லாட்சும் உங்கள் வண்டியைப் போலவே வெயிலில் வெந்ததுதான். வாங்கினால் அச்சு முனைகளை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். அடியில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது ஒடியத் தயாராக இருக்கிறது. அப்படியிருந்தாலும் கூடு முழுசாக இருந்தால் எடுக்கலாம், கம்பி போட நல்ல அடித்தளம். மூடியைச் சரிசெய்த பிறகு போட, புதிய அசல் பாகம் கிடைத்தால் அதுதான் சிறந்தது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் அஞ்சல் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டு உருளை உள்ள லாட்சை மாற்றுவதாக இருந்தால், பழைய லாட்சைத் தூக்கிப் போட வேண்டாம். புதியது வேறு சாவியோடு வரும். பழைய உருளையைக் கழற்றிப் புதிய கூட்டில் மாட்டினால் வண்டிச் சாவியே தொடர்ந்து பொருந்தும். கழற்றும்போது சாவியைச் செருகியே வைத்திருங்கள். உருவினால் உள்ளே உள்ள சின்னத் தகடுகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் தெறித்து ஓடிவிடும்.