கீழவாசல் ஜெப அறை: எந்தச் சபையாரும் போய் உட்காரலாம்

தஞ்சாவூரில் 'எல்லோரும் வரலாம்' என்று போர்டு மாட்டிய ஜெப வீடுகளுக்குக் குறைவே இல்லை. போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் பக்கத்தில் வந்து பெயர், ஊர், எந்தச் சபை, ஞானஸ்நானம் எடுத்தாயிற்றா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். அப்புறம் போன் நம்பர். அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அழைப்பு. அன்பாகத்தான் கேட்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் வார்டில் ஒரு உயிர் போனதைப் பார்த்துவிட்டு நைட் டூட்டி முடித்து வருகிற என் போன்ற நர்ஸுக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு பாயும் யாரும் பேசாத அரை மணி நேரமும்தான்.

கீழவாசல் பக்கம் ஒரு சிறிய சபை திறந்து வைத்திருக்கும் ஜெப அறையில் அது கிடைக்கிறது. சபையின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ள ஐயர் (போதகர்) கேட்டுக்கொண்டார். அறை சின்னது, கூட்டம் வந்தால் தாங்காது என்றார். சரி என்றேன். தேவைப்படுகிறவர்கள் அந்தப் பக்கம் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

நான் பொறையாறில் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள், தஞ்சாவூரில் கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டில் அத்தை கையில் ஜெபமாலை, என் கையில் பாமாலைப் புத்தகம். என் நாத்தனார் இப்போது பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். மூன்று பேரும் சேர்ந்து வாய்விட்டு ஜெபிக்க வீட்டுக்கு வெளியே ஓர் இடம் இல்லாமல் வருடக்கணக்கில் இருந்தோம். அந்தக் கண்ணோடுதான் இந்த அறையைப் பார்க்கிறேன்.

முன்பு ஓய்வுநாள் பள்ளிச் சாமான்கள் போட்டு வைத்திருந்த அறை. உள்ளே இருபது பேர் நெருக்கி உட்காரலாம். சிவப்பு சிமெண்ட் தரை, கோரைப்பாய்கள், முட்டி வலிக்காரர்களுக்குச் சில பிளாஸ்டிக் நாற்காலிகள். செருப்பை வெளியே விட வேண்டும். சுவரில் ஒரே ஒரு மரச் சிலுவை, அதில் பாடுபட்ட உருவம் கிடையாது. வேறு எதுவும் இல்லை. வருட வாக்குத்தத்த வசனம் அச்சடித்த ஃபிளெக்ஸ் இல்லை, போதகரும் அம்மாவும் கைகூப்பி நிற்கும் படம் இல்லை, காணிக்கைப் பெட்டி இல்லை, மைக்கும் இல்லை. ஒரு சபை தன் இடத்தைப் பொதுவாக விட்டுக்கொடுத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்தச் சுவரைப் பார்த்தாலே போதும் என்பேன். தன் பெயரையே எங்கும் எழுதி வைக்காத சபையை நான் இங்கேதான் பார்த்தேன்.

மூலையில் ஒரு மர அலமாரி. மேல் தட்டில் நாங்கள் சின்ன வயதிலிருந்து படிக்கிற பழைய திருப்புதல் பைபிள், அதன் பக்கத்திலேயே கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995-இல் வந்த திருவிவிலியம். கீழே பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்கள், ஒரு எவர்சில்வர் டப்பாவில் ஜெபமாலைகள். அத்தை முதல் நாள் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இதெல்லாம் உங்க ஆளுங்க கோயில்ல வச்சிருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார். என் சபை இல்லை இது, வேறு சபை என்று சொன்னேன். அவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அவர் ஆச்சரியப்பட்டதில் தப்பில்லை. நம் டெல்டாவில் சபைகளுக்குள் இருக்கும் பிணக்குக்கு முந்நூறு வயது. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அங்கேயே அச்சாகிவிட்டது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலை எழுப்பிய கத்தோலிக்கக் குரு வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன்காரர்களை மறுத்துப் புத்தகமே எழுதினார். 1760-இல் மொரேவிய சகோதரர்கள் என்ற இன்னொரு புராட்டஸ்டன்ட் சபையார் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். அவர்களுடைய தாய்ச்சபை ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டில் 1727-இல் தொடங்கிய மணிக்கணக்கு ஜெபம், ஆள் மாற்றி ஆள் இரவும் பகலும், நூறு வருடத்துக்கு மேல் இடைவிடாமல் நடந்தது. அப்படி ஜெபித்தவர்களோடுகூட முன்பே தரங்கம்பாடியில் இருந்த, ஜெர்மனியின் ஹாலே நகரைச் சேர்ந்த லுத்தரன் மிஷனரிகளுக்கு ஒத்துப்போகவில்லை. 1947 செப்டம்பர் 27-இல் பல சபைகள் ஒன்றாகி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதும் எங்கள் லுத்தரன் சபை சேராமல் தனியாகவே நின்றது. இவ்வளவும் நடந்த மண்ணில் ஒரே அலமாரித் தட்டில் அந்த இரண்டு பைபிள்களும் தோளோடு தோள் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

இனி, அறை எப்படி நடக்கிறது என்பதற்கு வருகிறேன்.

பொது ஜெப அறைகள் பெரும்பாலும் சத்தத்தில்தான் உடையும். கத்தோலிக்கர் அமைதியாக இருந்து பழகியவர்கள். பெந்தெகொஸ்தே சபையார் கைதட்டி, சத்தமாக, ஆவியில் நிறைந்து அந்நிய பாஷையில் ஜெபிப்பவர்கள். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் உட்கார வைத்தால் ஒருவர் எழுந்து போய்விடுவார், திரும்பி வரமாட்டார். முதலில் இங்கேயும் அதுதான் நடந்ததாம். இப்போது காலை ஐந்திலிருந்து ஏழு வரை முழு அமைதி. பகலில் மெல்லிய குரலில் ஜெபிக்கலாம். மாலை ஆறிலிருந்து எட்டு வரை வாய்விட்டு ஜெபிக்கவும் பாடவும் நேரம். நான் காலையில் போவேன், நாத்தனார் மாலையில். வெள்ளிக்கிழமை மாலை மூன்று பேரும் சேர்ந்து போகிறோம். அந்த நேரத்தில் யாராவது வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றை எடுத்தால் போதும், அறை முழுக்கச் சேர்ந்துகொள்ளும். இந்த ஊரில் சரபோஜி மன்னர் காலத்தில் வாழ்ந்து 1864-இல் மறைந்த மனிதர். அவர் பாட்டுக்குச் சபை எல்லை கிடையாது.

மெழுகுவர்த்தி விஷயத்தையும் நன்றாக யோசித்திருக்கிறார்கள். உள்ளே ஏற்றக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே, திண்ணையில், ஆற்று மணல் நிரப்பிய ஒரு இரும்புத் தட்டு வைத்திருக்கிறார்கள். ஏற்ற விரும்புகிறவர் அங்கே ஏற்றிவிட்டு உள்ளே வந்து உட்காரலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னல் வழியாகச் சுடர் தெரியும். மெழுகுவர்த்தி பிடிக்காதவர் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்கும் தொந்தரவில்லை. அத்தைக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று.

அவருக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கக் கோயிலில் திருவிருந்து அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழை இல்லாத இடத்தில் ஜெபிப்பது அவருக்கு முழுமையாக இல்லை. இந்த அறையில் அதை வைக்கவும் முடியாது, கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு அப்படி. ஆகவே ஆராதனைக்கு அவர் தன் பங்குக் கோயிலுக்கே போகிறார். இங்கே திருவிருந்தும் கொடுப்பதில்லை, பிரசங்கமும் கிடையாது. ஒன்றாகச் செய்ய முடியாததை ஒதுக்கி வைத்துவிட்டு, முடிந்ததை மட்டும் செய்கிறார்கள். அதனால்தான் இத்தனை நாள் சண்டையில்லாமல் ஓடுகிறது என்று நினைக்கிறேன்.

சாவி விஷயம் முக்கியம். சபைக்காரர் ஒருவரிடம் மட்டும் சாவி இருந்தால் மற்றவர்கள் எப்போதுமே விருந்தாளிகள்தான். இங்கே மூன்று சாவிகள், மூன்றும் வேறுவேறு சபைக்காரர்களிடம். திறப்பதும் கூட்டுவதும் வாரம் மாற்றி வாரம். கரண்ட் பில்லையும் அவர்களே பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். காவல் பார்க்கும் பெரியவர், "சிஸ்டர், டூட்டி முடிஞ்சிதா, உள்ளாற ஆளில்லை, போங்க" என்பதோடு சரி. யார் எவர் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் இந்த அறையைப் பார்க்க வேண்டும். வேளாங்கண்ணியில் 29-ஆம் தேதி கொடியேறுவதற்கு முன்பே திருச்சிப் பக்கத்திலிருந்து காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் தஞ்சாவூரைத் தாண்டிப் போவார்கள். இங்கிருந்து இன்னும் சுமார் 90 கிலோமீட்டர் அவர்களுக்கு. அந்த நாட்களில் மட்டும் இரவு முழுக்கத் திறந்து வைக்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பில் உப்புப் போட்ட வெந்நீர், சுக்கு காபி, கொப்புளத்துக்குக் கட்டுப்போட ஆள். நான் கட்டுப்போட்டிருக்கிறேன். குதிகால் பிளந்து, தார் ரோட்டுக் கருப்பு ஏறிய பாதம் ஒன்றை டப்பிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தவர் மாதா பக்தியே இல்லாத சபையில் மூப்பராக இருப்பவர். துண்டால் விரல் இடுக்குகளைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்தார். நடந்து வந்த அம்மா கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டே இருந்தார், இவர் விடவில்லை.

குறைகள் இருக்கின்றன. வாசலில் மூன்று படி, கைப்பிடி இல்லை, சாய்தளமும் இல்லை. வீல்சேரில் வருகிறவரைத் தூக்கித்தான் உள்ளே விட வேண்டும். ஜெபிக்க அதிகம் தேவைப்படுகிற நோயாளிகளே படியைப் பார்த்துத் திரும்பிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கழிப்பறை சபை வளாகத்தின் பின்கோடியில் இருக்கிறது, மாலையில் அங்கே வெளிச்சம் போதாது, பெண்கள் தனியாகப் போகத் தயங்குகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொசு அதிகம், ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். முகூர்த்த நாட்களில் பக்கத்து மண்டபத்து ஸ்பீக்கர் காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடும், அதற்கு இவர்கள் என்ன செய்ய முடியும்.

ஜெப விண்ணப்ப நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அலமாரி மேல் திறந்தே கிடக்கிறது. கடன், கர்ப்பம், குடிக்கிற கணவன் என்று மனதில் இருப்பதை எல்லாம் பெயரோடு எழுதி வைக்கிறார்கள். அடுத்து வருகிற யாரும் படிக்கலாம். ஒரு துளை போட்ட பெட்டியில் சீட்டாகப் போடச் சொல்வது நல்லது. ஐயரிடம் சொல்லியிருக்கிறேன், செய்கிறேன் என்றிருக்கிறார்.

ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்பு ஜெப வாரம், 1908-இல் தொடங்கி இன்று உலகின் பல நாடுகளில் நடக்கிறது. நம் பக்கத்திலும் ஒரு நாள் மேடை போட்டு, எல்லாச் சபைக் குருமாரையும் வரிசையாக உட்காரவைத்து, சால்வை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தச் சால்வைச் செலவில் நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று ஒவ்வொரு ஊரிலும் இந்த மாதிரி ஓர் அறைக்கு வெள்ளையடித்துப் பாய் வாங்கிப் போட்டுவிடலாம். பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பக்கத்தில் அமைந்தால் இன்னும் நல்லது. எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வந்தவர்கள் மாடிப்படிக்குக் கீழே நின்றுதான் ஜெபிக்கிறார்கள்.

காலை ஐந்து முதல் இரவு எட்டரை வரை திறந்திருக்கும். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் மட்டும் கிடையாது. கட்டணம் எதுவும் இல்லை. வளாகத்துக்குள் டூ வீலர் நிறுத்தலாம், காருக்கு இடமில்லை. வயதானவர்களைக் கூட்டிப்போவதானால் படி ஏற்றிவிட இன்னொருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.